மலைக்கு ஆமை ஏற்றும் அன்பர்களுக்கு

திண்டுக்கல்லில் நாலு காசு சேர்ந்தவர்களுக்குக் கொடைக்கானலில் ஒரு பங்களா வாங்கும் ஆசை வருவது இயற்கை. மாவட்டம் ஒன்றே. வத்தலக்குண்டு வழியாக ஏறினால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் அக்னி நட்சத்திரத்திலிருந்து மார்கழிக்குப் போய்விடலாம். பங்களா வந்ததும் அடுத்த ஆசை வரும். வருகிறவர் போகிறவர் வாய் பிளக்கும்படி புல்வெளியில் ஏதாவது ஒன்று நிற்க வேண்டும். நாய் எல்லாரிடமும் இருக்கிறது. குதிரையை ஏரிக்கரையில் வாடகைக்கே விடுகிறார்கள். ஆகவே ஆமை. அதுவும் பேரப்பிள்ளை மேலே ஏறி உட்காரும் அளவுக்கு ஓர் ஆமை.

"கீழே வெயில் கொளுத்துதுங்க, பாவம் வாயில்லா ஜீவன். மலையில குளுகுளுன்னு இருக்கட்டும்" என்று இதற்கு ஒரு கருணைக் காரணமும் சொல்வார்கள். அப்படிப்பட்ட கருணையாளர்களுக்காகவே இந்தக் கையேடு. இதில் உள்ளபடி ஒன்றுவிடாமல் செய்தால் வெற்றி நிச்சயம். யாருக்கு வெற்றி என்பது போகப்போகத் தெரியும்.

முதல் வேலை வீட்டுப் பெரியவர்களைச் சரிக்கட்டுவது. ஆமை என்ற பேச்சை எடுத்ததுமே, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று வீட்டு அப்பத்தா ஆரம்பிப்பார். பயப்படாதீர்கள். அவர் கையைப் பாருங்கள். விரலில் ஆமை மோதிரம் இருக்க எழுபது சதவீத வாய்ப்பு உண்டு (இது என் சொந்தக் கணக்கு, அரசுப் புள்ளிவிவரம் கிடையாது). இல்லாவிட்டால் வரவேற்பறை ஷோகேஸில், தண்ணீர்த் தட்டில் வடக்கு பார்த்தபடி ஒரு கண்ணாடி ஆமை இருக்கும். உலோகத்தில் வந்தால் அதிர்ஷ்டம், உயிரோடு வந்தால் தரித்திரமா என்று கேளுங்கள். மந்தர மலையையே முதுகில் தாங்கியவர் நம் வீட்டுப் புல்லை மேய்ந்தால் ஆகாதா என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பத்தா அடங்கிவிடுவார். பழமொழியின் மற்றொரு பாதியை மட்டும் நீங்கள் மறக்கக் கூடாது. அமீனா என்பவர் கோர்ட்டு உத்தரவோடு வாசலில் வந்து நிற்பவர். இந்தக் காலத்தில் ஆமை விஷயத்தில் அந்த வேலையை வனத்துறை பார்க்கிறது. ஆமை முன்னால் வரும், அமீனா பின்னால் வருவார்.

எந்த ஆமையை வாங்கலாம் என்று இப்போது பார்ப்போம். "நட்சத்திர ஆமை இருக்கு, ரெண்டாயிரம் ரூபாய்" என்று யாராவது காதில் சொல்வார்கள். மேடு மேடான கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் கதிர்போலப் பிரியும், அழகில் குறையில்லை. தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளும் அதன் சொந்த ஊர்தான். ஆனால் 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கிறது. வைத்திருந்தால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஏழு ஆண்டில் அது கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவாக வளர்ந்திருக்கும். நீங்கள் திரும்பி வந்து பார்க்க முடியாது, வேறு எங்காவது கொண்டுபோயிருப்பார்கள். அதோடு, பேரப்பிள்ளை ஏறி உட்காரும் அளவு அதற்கு ஒருநாளும் வராது.

அடுத்தது பிளாஸ்டிக் டப்பாவில், பிளாஸ்டிக் தென்னைமரத்தடியில் விற்கும் பச்சைக் குஞ்சு. கன்னத்தில் சிவப்புக் கோடு இருக்கும், அமெரிக்கச் சரக்கு. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக வரும். கடைக்காரர் "இவ்வளவுதாங்க வளரும்" என்பார். அவர் சொல்வது டப்பாவைப் பற்றி. ஆமை ஓரடி வரை வளரும், முப்பது நாற்பது ஆண்டுகூட இருக்கும். அந்த அளவு வந்ததும் நீந்துவதற்கு ஏறக்குறைய 500 லிட்டர் தண்ணீர் வேண்டும், முப்பது குடத்துக்கு மேல். அது அதிலேயே தின்னும், அதிலேயே கழியும். ஆகவே அடிக்கடி மாற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கும் ஊரில் இதை வீட்டுப் பெண்களிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு இந்தக் கையேட்டில் வழி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையின் இறக்குமதியை 1997இலேயே நிறுத்திவிட்டது. அதற்கும் முன்னால், 1975இல், பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமைக்குஞ்சை வீட்டுச் செல்லமாக விற்கவே அமெரிக்கா தடை போட்டது. காரணம் சால்மோனெல்லா. குழந்தைகள் அதைக் கையில் எடுப்பார்கள், கொஞ்சுவார்கள், அப்படியே வாயில் விரலை வைப்பார்கள். வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

ஆகவே நமக்கு மிஞ்சுவது ராட்சத வகை. செஷல்ஸ் பக்கத்து அல்டாப்ரா ஆமை, இல்லாவிட்டால் ஆப்பிரிக்க சல்காட்டா. பணக்காரர்கள் விரும்புவது சல்காட்டாவை. குஞ்சாக உள்ளங்கையில் அடங்கும், வளர்ந்தால் ஐம்பது கிலோவைத் தாண்டும். வாங்குவதற்கு ரசீது வேண்டும். மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் செத்தாலும் கைமாறினாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்துவிட்டன. நம் வீட்டுக் கல்யாணத்தைப் பதிவு செய்ய மறந்தாலும் ஆமையின் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

சல்காட்டாவின் சொந்த ஊர் எது என்று கடைக்காரர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பு. செனகலில் தொடங்கி எத்தியோப்பியா வரை நீளும் முள்காடு. சித்திரை மாதத் திண்டுக்கல் அதற்குப் பரிச்சயமான வானிலை. மலைக்கோட்டைப் பாறை தகிக்கும் மத்தியானம் நமக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை என்றால், அது கொஞ்சம் நிழலும் ஒரு சேற்றுக்குழியும் கிடைத்தால் தாக்குப்பிடித்துவிடும். அந்தப் பிராணியைத்தான் "வெயில் தாங்காது" என்று கருணையோடு ஏழாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டுபோகிறோம்.

கொண்டுபோகும் முறை: ஆமையைக் காரின் பின்சீட்டில் வைக்கவும். இரண்டு பேர் தூக்க வேண்டும், மூன்றாமவர் கதவைப் பிடிக்க வேண்டும். பயந்த ஆமை செய்யும் முதல் காரியம் வயிற்றைக் காலி செய்வது. அது கொண்டை ஊசி வளைவு வரை காத்திருக்காது, வத்தலக்குண்டிலேயே முடித்துவிடும். 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி மலைக்கு இ-பாஸ் வேண்டும். அந்தப் படிவத்தில் பயணிகள் எண்ணிக்கை கேட்பார்கள். ஆமையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை உங்கள் மனசாட்சிக்கு விடுகிறேன்.

மேலே போய்ச் சேர்ந்தாயிற்று. இனிதான் கையேட்டின் சாரம்.

தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வசதி ஆமைக்குக் கிடையாது. வெளியே எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவுதான் உள்ளேயும். "ஒரு கம்பளி போர்த்தினால் போச்சு" என்பீர்கள். கம்பளி சூடு தராது. உள்ளே உண்டாகும் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கும், அவ்வளவே. உள்ளே சூடே உண்டாகாத பிராணிக்குக் கம்பளி போர்த்துவது ஐஸ் பெட்டிக்கு உறை போடுவதைப் போன்றது. குளிர்ந்த ஆமை குளிர்ந்தபடியே பத்திரமாக இருக்கும். ஸ்வெட்டரும் அப்படியே. தைக்கக் கொடுத்திருந்தால் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும்.

உடம்பு பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் சல்காட்டாவின் குடல் வேலைநிறுத்தம் செய்துவிடும். காலையில் தின்ற புல் செரிக்காமல் உள்ளேயே கிடந்து அழுகும். அடுத்தது நுரையீரல். கிட்டே குனிந்து பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்குத் துளையில் சின்னதாக ஒரு சளிக்குமிழி புடைக்கும், உடையும், மறுபடி புடைக்கும். கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பழைய ஆர்மோனியத் துருத்திபோல ஒரு கீச்சொலி கேட்கும். வந்த விருந்தாளிகள் "அட, ஏதோ பேசுதுங்க" என்று போட்டோ எடுப்பார்கள். அது நிமோனியா.

சரி, குளிர்நாடுகளில் ஆமைகள் இல்லையா என்று படித்தவர்கள் கேட்பார்கள். இருக்கின்றன. கனடாவின் வண்ண ஆமை ஏரி உறைந்துபோனால் பனிக்கட்டிக்கு அடியில், சேற்றோரத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். அத்தனை நாளும் மூக்கால் மூச்சு விடுவதில்லை. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனில் கொஞ்சத்தைத் தோலாலும், சபையில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பின்வாசல் வழியாகவும் எடுத்துக்கொள்கிறது. எத்தனையோ தலைமுறையாகப் பழகிய வித்தை அது. சகாரா ஓரத்து ஆமைக்கு அந்தப் பாடம் நடத்தப்படவில்லை. வெப்பக் கடலில் வாழும் ஆமைகளுக்கும் அது வராது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் திடீர்க் குளிர் இறங்கியபோது, கடலாமைகள் ஆயிரக்கணக்கில் மரத்துப்போய்த் தண்ணீரில் மிதந்தன. ஊர் ஜனங்கள் கார் டிக்கியிலும் படகிலும் அள்ளிக்கொண்டுபோய் சவுத் பாத்ரே தீவின் மாநாட்டு மண்டபத் தரையில் வரிசையாக அடுக்கிவைத்தார்கள். நாலாயிரத்துக்கும் மேல். கல்யாண மண்டபத்தில் பந்தி போட்ட மாதிரி ஆமைகள் கிடந்த படங்களை உலகமே பார்த்தது. ஊரே திரண்டதால் பல பிழைத்தன. உங்கள் பங்களாவில் திரள்வதற்கு வாட்ச்மேன் ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கே குளிர்.

கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். சில விடியல்களில் ஏரிக்கரைப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மே மாத சீசனிலும் பகலில் இருபதைச் சற்றே தாண்டும். சல்காட்டா வெயில் காய்வதற்குக் கேட்பது முப்பத்தைந்து. ஆகவே வருஷம் 365 நாளும் அதற்குச் செயற்கைச் சூடு வேண்டும். தெர்மாகோல் பதித்த சுவரோடு ஓர் அறை கட்டுங்கள். கார் நிறுத்தும் அளவு போதும். கார் வெளியே நிற்கட்டும், அதற்கு நிமோனியா வராது. 1,500 வாட் எண்ணெய் ஹீட்டர் ஒன்று போட்டால், பன்னிரண்டு மணி நேர இரவுக்குப் பதினெட்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தரும் நூறு யூனிட் ஆறாவது இரவு விடிவதற்குள் காலி. காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனால்? ஜெனரேட்டர். ஜெனரேட்டரை இழுத்துவிட ஆள். அந்த ஆளுக்கு ஹீட்டர்.

சூடு மட்டும் போதாது. ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேர வேண்டும், அதற்கு வெயிலின் புற ஊதாக் கதிர் வேண்டும். மலையிலோ பாதி நாள் மூடுபனி. "கண்ணாடி அறை கட்டிட்டோம், வெளிச்சம் கொட்டுது" என்று பெருமைப்படுவார்கள். அந்தக் கதிரைக் கண்ணாடி உள்ளே விடாது. ஆகவே தனி விளக்கு. அது எரிவது கண்ணுக்குத் தெரியும், கதிர் தீர்ந்துபோனது தெரியாது. ஆறு மாதம், ஒரு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் ஓடு அழுத்தினால் அமுங்கும் பதத்துக்கு வந்துவிடும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் தீனிக்குப் பஞ்சம் இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. அதற்கு முக்கியமாக வேண்டியது நார் மிகுந்த புல்லும் வைக்கோலும், மாட்டுக்குப் போடுவது. சிறுமலை வாழைப்பழத்தை அன்போடு ஊட்டினால் வயிறு போகும். தலப்பாகட்டி பிரியாணி வாசனைக்கு அது தலையை நீட்டினாலும் கொடுக்க வேண்டாம். 1957 முதல் அது மனிதர்களுக்கென்றே சமைக்கப்பட்டு வருகிறது.

சல்காட்டாவின் மற்றொரு திறமை தோண்டுவது. சொந்த ஊரில் வெயிலிலிருந்தும் வறட்சியிலிருந்தும் தப்ப, பத்தடிக்கும் ஆழமாக வளை பறிக்கும். மழைக்கே மண் சரியும் மலைச்சரிவில், தடுப்புச்சுவருக்கு அடியில் ஐம்பது கிலோ இயந்திரம் ஒன்று இராப்பகலாகத் தோண்டினால் என்ன ஆகும் என்று பக்கத்து பங்களாக்காரர் முதலில் கண்டுபிடிப்பார்.

ஓடிவிடாமலும் திருடு போகாமலும் இருக்கப் பூட்டு வேண்டும். இதில் திண்டுக்கல்காரருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கையால் செய்த ஒரு மாங்காய்ப் பூட்டைப் போட்டுவிடுங்கள். ஒரு பொருத்தமும் இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், ஜெனீவாவில் கூடிய நாடுகள் நட்சத்திர ஆமையை உலக வணிகத்திலிருந்து முழுசாகப் பூட்டிவைக்க முடிவு செய்ததும் ஒரே மாதம், 2019 ஆகஸ்ட். ஆனால் பூட்டைப் பெரிதாக நம்ப முடியாது. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய, சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையில், சுவரும் காவலும் இருந்தும், 2020 நவம்பரில் ஓர் அல்டாப்ரா ஆமை களவு போனது. ஓர் ஆள் தனியாகத் தூக்க முடியாத பிராணி அது. தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆமைக்கு உடம்புக்கு வந்தால்? நம் பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் மாடு, ஆடு, கோழி, நாய் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். ஆமைக்கு எங்கே ஊசி போடுவது என்று அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வைகை எக்ஸ்பிரஸில் ஜன்னல் சீட்டு கேட்டுப் பாருங்கள்.

கடைசி வேலை, பலரும் தள்ளிப்போடுவது: உயில். சல்காட்டா எழுபது ஆண்டு தாண்டும். அல்டாப்ரா எவ்வளவு என்று கேட்டால், கொல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் 2006 மார்ச்சில் இறந்த அத்வைதாவைச் சொல்வார்கள். ராபர்ட் கிளைவின் தோட்டத்தில் இருந்தது என்றும், 250 வயது தாண்டியது என்றும் பேச்சு. அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். செயின்ட் ஹெலனா தீவில் ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் இருக்கும் ஜோனதன் கதை அதைவிட உறுதியானது. 1882இல் தீவில் இறங்கியபோதே அது முழுதாக வளர்ந்திருந்தது. பிறந்தது 1832 வாக்கில் என்று கணக்கு. கண் தெரியாது, மோப்பமும் போய்விட்டது, கையில் ஊட்டுகிறார்கள். ஆளுநர்கள் மாற்றலாகி வந்துபோகிறார்கள். ஜோனதன் நிரந்தர உத்தியோகம். ஆகவே பங்களாவின் உண்மையான உரிமையாளர் யார் என்பதில் குழப்பம் வேண்டாம். பங்களாவுக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகள் ஆமை யாருக்கு என்று வரும்போது, "நீயே வச்சுக்க அண்ணே" என்று விட்டுக்கொடுக்கும் அழகைப் பார்க்க நீங்கள் இருக்கமாட்டீர்கள், ஆமை இருக்கும்.

சலித்துப்போய் அதைக் கோட்டைக்குளத்தில் விட்டுவிடலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விநாயகர் சிலைகளைக் கரைத்தே அந்தக் குளம் போதுமான பாடு பட்டுவிட்டது. சல்காட்டா நீந்தாது, மூழ்கிச் சாகும். சிவப்புக்கோட்டு அமெரிக்க ஆமையோ சாகாது, நம் குளத்து ஆமையின் இடத்தையும் தீனியையும் பிடித்துக்கொள்ளும்.

நம் குளத்து ஆமை என்று ஒன்று இருப்பது பலருக்கு நினைவில்லை. பாலாமை என்பார்கள். திண்டுக்கல் சமவெளிக் குளங்களிலும் கண்மாய்களிலும் வயல் வரப்புகளிலும் இருப்பது அதுதான். ஓட்டைத் தொட்டுப் பார்த்தால் கல்மாதிரி இருக்காது. மேலே வழவழவென்று தோல் போர்த்தியிருக்கும். பன்றி மூக்குபோல நுனியில் குழாய் மூக்கு. தூக்கினால் பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே அடியிலிருந்து இரண்டு மடல்கள் எழுந்து வாசலைச் சாத்திக்கொள்ளும், ஒரு பூட்டும் இல்லாமல். நத்தை, தவளைக்குஞ்சு, செத்த மீன், பாசி என்று எதையும் தின்று குளத்தைக் கூட்டிவைக்கும். தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று கிணற்றில் பிடித்துவிட்டவர்களும் உண்டு. கண்மாய் வற்றி வண்டல் வெடிக்கும் மாதங்களில் அது யாரிடமும் ஹீட்டரோ கூலரோ கேட்பதில்லை. சேற்றுக்குள் இறங்கி, மேலே மண் இறுகிவிட, அப்படியே அசையாமல் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்து மண் இளகியதும் மூக்கு முதலில் வெளியே வரும். கரண்ட் பில் இல்லை, இ-பாஸ் இல்லை. அதுவும் முதல் அட்டவணையில்தான் இருக்கிறது; வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதே மூன்று முதல் ஏழு ஆண்டு.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், கொடைக்கானல் குளிருக்குத் தோதான ராட்சத ஆமை ஒரே வகைதான்: சிமெண்ட் ஆமை. கொத்தனார் இரண்டு நாளில் கட்டிவிடுவார். பேரப்பிள்ளை ஏறி உட்காரலாம், உறைபனி தாங்கும், புல் கேட்காது, பரிவேஷில் பதிய வேண்டாம். பச்சைப் பெயிண்ட் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை அடியுங்கள்.

உயிருள்ள ஆமையை ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்கள் குளத்திலோ காட்டிலோ விடாமல், திண்டுக்கல் மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் கண்மாய்ச் சாலையில் ஆமை குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்தில் விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.